புது மீன்தொட்டியின் முதல் 6 வாரம்: டெஸ்ட் கிட் காட்டும் எண்களைப் படிப்பது எப்படி?

என் முதல் தொட்டி 50 லிட்டர். தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை 24 மணி நேரம் ஓடவிட்டு, மறுநாளே ஆறு நியான் டெட்ரா வாங்கி விட்டேன். கடையில் சொன்ன அறிவுரை அவ்வளவுதான். நாலாம் நாள் காலை மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் படபடவென்று அடித்தது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு வாரம் முடிந்தபோது ஒரே ஒரு மீன்தான் மிஞ்சியது. அதன் பிறகுதான் டெஸ்ட் கிட் வாங்கினேன், தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு நிறத்தை வைத்து அளவு பார்க்கும் பெட்டி அது. மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா டெஸ்ட் குழாய் பச்சையாக மாறியது. அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. அன்று எனக்குத் தேவைப்பட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். நேற்றைய எண், குழாய்த் தண்ணீரின் எண், பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை), இந்த மூன்றோடும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய எண் பேசும்.

சைக்கிள் என்றால் என்ன

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இந்தத் தொடர்தான் சைக்கிள். இரண்டு வகை பாக்டீரியாவும் போதுமான அளவு வளர்ந்துவிட்டால் சைக்கிள் முடிந்தது என்று சொல்வோம். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் பாதகமில்லை. தண்ணீர் மாற்றும்போது போய்விடும், செடி இருந்தால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது குறைவு. ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். பால் புளிக்க வைக்கும் பாக்டீரியா மாதிரி ஒரே இரவில் பெருகிவிடாது. எல்லாம் வசதியாக அமைந்தாலும் எண்ணிக்கை இரட்டிப்பாக அரை நாளோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். நம் ஊர்ச் சூட்டிலும் சைக்கிள் முடிய நாலு முதல் ஆறு வாரம் ஆவது அதனால்தான்.

இன்னொரு கணக்கும் வேண்டும், பின்னால் பல இடத்தில் உதவும். 1 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் சுமார் 2.7 பிபிஎம் நைட்ரைட் ஆகும். அது முழுவதும் மாறினால் சுமார் 3.6 பிபிஎம் நைட்ரேட் ஆகும். பிபிஎம் என்பதும் லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் நமக்கு ஒன்றுதான். இதை ஒரு தாளில் எழுதித் தொட்டி ஸ்டாண்டில் ஒட்டிவிடுங்கள்.

முதல் படி: தொட்டிக்கு முன்னால் குழாய்த் தண்ணீரை டெஸ்ட் செய்யுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. இதை விட்டால் பிறகு வரும் எண்கள் எல்லாம் குழப்பும்.

ஒரு பக்கெட்டில் நீங்கள் பயன்படுத்தப்போகும் தண்ணீரைப் பிடியுங்கள். போர் தண்ணீரோ, மெட்ரோ தண்ணீரோ, லாரித் தண்ணீரோ, எதுவாக இருந்தாலும் சரி. உடனே ஒரு தடவை பிஹெச் பாருங்கள். அப்புறம் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் பிஹெச், கேஹெச் (அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் அளவு), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஐந்தையும் பாருங்கள். பூமிக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அது வெளியேறியதும் பிஹெச் ஏறும். என் வீட்டு போர் தண்ணீர் குழாயில் 7.4, மறுநாள் பக்கெட்டில் 8.2. தொட்டியில் இருக்கப்போவது இந்த 8.2. இது தெரியாமல் "பிஹெச் தானாக ஏறுகிறதே" என்று பிஹெச் குறைக்கும் மருந்து வாங்கி ஊற்றுகிறவர்கள் நிறைய.

நைட்ரேட்டும் அப்படித்தான். விவசாய உரமும் செப்டிக் டேங்க் கசிவும் சேர்ந்து பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஏற்கெனவே நைட்ரேட் இருக்கும். இந்தியக் குடிநீர்த் தர அளவே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை ஏற்கிறது. என் தண்ணீரில் 20 இருந்தது. அதைக் குறித்து வைக்காமல் இருந்திருந்தால், முதல் நாளே தொட்டியில் 20 காட்டியதைப் பார்த்து "சைக்கிள் ஆரம்பித்துவிட்டது" என்று நம்பியிருப்பேன்.

குளோரின் வேறு விஷயம். மெட்ரோ தண்ணீரிலும், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய மாடித் தொட்டித் தண்ணீரிலும் அது இருக்கும். நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும். ஒரு நாள் ஏர் பம்ப் ஓடினால் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரினோ, ஹைப்போ கட்டியோ போதும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், அங்கே குழாய் நீரில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் இருக்கும். வைத்திருந்தால் போகாது, மருந்து போட்டுத்தான் உடைக்க வேண்டும். உடைந்ததும் அதிலிருக்கும் அம்மோனியா டெஸ்டில் தெரியும். புதுத் தண்ணீரில் கொஞ்சம் அம்மோனியா காட்டினால் அதுதான் காரணம், பயம் வேண்டாம்.

இரண்டாம் படி: சொட்டை ஒழுங்காக விடுங்கள்

தண்ணீரில் முக்கி நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் மலிவு, வேகம். ஆனால் பல ஸ்ட்ரிப்களில் அம்மோனியா இருக்காது. சைக்கிள் சமயத்தில் அம்மோனியா பார்க்காமல் என்ன பார்ப்பது? சொட்டு கிட்டே வாங்குங்கள். இங்கே அதிகம் கிடைப்பது ஏபிஐ மாஸ்டர் கிட். அதை வைத்தே சொல்கிறேன், வேறு கிட் என்றால் அதன் தாளில் உள்ள சொட்டுக் கணக்கைப் பின்பற்றுங்கள்.

கிட்டிலுள்ள கண்ணாடிக் குழாயைத் தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை அலசி, 5 மி.லி. கோடு வரை நிரப்புங்கள். தண்ணீரின் மேல்பரப்பு ஓரத்தில் ஏறி நடுவில் குழியும். அந்தக் குழியின் அடி கோட்டைத் தொட வேண்டும். பாட்டிலைச் சாய்க்காமல் தலைகீழாகச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் சொட்டு சின்னதாகிவிடும். அம்மோனியாவுக்கு முதல் பாட்டிலில் 8, இரண்டாவதில் 8. நைட்ரைட்டுக்கு 5. இரண்டுக்கும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். குலுக்கும்போது விரலால் மூடாதீர்கள், விரல் வியர்வையிலேயே அம்மோனியா உண்டு. கிட்டோடு வரும் மூடியால் மூடுங்கள்.

நைட்ரேட் டெஸ்ட்தான் அதிகம் தவறாகிறது. இரண்டாவது பாட்டிலில் ஒரு பொடி அடியில் தங்கிவிடும். அதைக் கலக்காமல் சொட்டு விட்டால் எவ்வளவு நைட்ரேட் இருந்தாலும் மஞ்சளாகவே நிற்கும். முதல் பாட்டிலில் 10 சொட்டு விட்டுக் கலக்குங்கள். இரண்டாவது பாட்டிலை 30 விநாடி நன்றாகக் குலுக்குங்கள். பல நாள் தொடாத பாட்டில் என்றால் மேசை விளிம்பில் நாலு தட்டும் தட்டுங்கள். அதில் 10 சொட்டு விட்டு, குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் என்பதைப் போனில் டைமர் வைத்துப் பாருங்கள். கை வலிக்கும்போது நமக்கு 20 விநாடியே ஒரு நிமிடமாகத் தோன்றும்.

நிறம் பார்ப்பது பகல் வெளிச்சத்தில். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று, குழாயைக் கிட்டோடு வரும் நிற அட்டையின் வெள்ளைப் பகுதியில் ஒட்டி வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அம்மோனியாவின் 0-வும் 0.25-உம் ஒன்றுபோலவே தெரியும். சந்தேகம் வந்தால் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரை வாங்கி அதே டெஸ்டைச் செய்து, இரண்டு குழாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேட்டரித் தண்ணீர் உப்பு நீக்கிய சுத்தமான நீர், அதில் அம்மோனியா இருக்காது. அதுவும் லேசான பச்சை சாயல் காட்டினால், உங்கள் கண்ணுக்கு 0 என்பது அந்த நிறம்தான். இந்தப் பாட்டில் ஒன்று எனக்குப் பல ராத்திரித் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாம் படி: மீன் இல்லாமல் அம்மோனியா கொடுங்கள்

பாக்டீரியா வளர அதற்குத் தீனி வேண்டும். மீனை விட்டு அதன் கழிவில் வளர்ப்பது பழைய வழி. அந்த நாலு வாரமும் மீன் விஷத்தில் நிற்கும். வேண்டாம், மீன் இல்லாமலே செய்யலாம்.

அம்மோனியம் குளோரைடு வாங்குங்கள். நம் நவச்சாரம்தான் அது. ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, அதனால் ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் 100 கிராம் கேட்டு வாங்குங்கள். ஆயுசுக்கும் போதும். 3 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சுப் புகை வரும்.

இந்தக் கரைசலில் 1 மி.லி. என்பது சுமார் 10 மில்லிகிராம் அம்மோனியா. 50 லிட்டர் தொட்டிக்கு 10 மி.லி. ஊற்றினால் 2 பிபிஎம். தொட்டி 50 லிட்டர் என்றாலும் மணலும் கல்லும் போக உள்ளே இருக்கும் தண்ணீர் 42, 43 லிட்டர்தான் இருக்கும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து டெஸ்ட் செய்து பாருங்கள். 2 வந்தால் போதும். 4, 5 வரை ஏற்றினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். பின்னால் நைட்ரைட் எகிறி, இழுத்துக்கொண்டே போகும்.

சைக்கிள் முடிந்த தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் பாதி வேலை மிச்சம். அவர் ஸ்பான்ஜில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல், அந்தத் தொட்டித் தண்ணீரோடே பையில் போட்டு எடுத்து வந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். நாலு வாரம் ஒன்றரை வாரமாகலாம். ஆனால் அவர் தொட்டியில் நோய் எதுவும் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாலாம் படி: எண்களைப் படிப்பது

என் இரண்டாவது தொட்டியின் நோட்டை அப்படியே தருகிறேன். 50 லிட்டர், ஸ்பான்ஜ் ஃபில்டர், போர் தண்ணீர், 28 டிகிரி, செடி இல்லை. வரிசை: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட்.

நாள் 1: 2, 0, 20
நாள் 5: 2, 0, 20
நாள் 8: 2, 0.25, 20
நாள் 11: 1, 2, 40
நாள் 13: 0.25, 5, 80
நாள் 14: மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா ஊற்றினேன்
நாள் 16: 0, 5-க்கு மேல், 160
நாள் 21: 0, 5-க்கு மேல், 160
நாள் 27: 0, 2, 80
நாள் 29: 0, 0, 40

நாள் 19-லும் 24-லும் அரை பிபிஎம் அம்மோனியா கொடுத்தேன். இதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாடம்.

முதல் வாரம் ஒன்றுமே நகராது. நாள் 1-உம் 5-உம் ஒரே எண். இந்தச் சமயத்தில்தான் பலர் பொறுமை இழந்து இன்னும் அம்மோனியா ஊற்றுகிறார்கள், அல்லது தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். தண்ணீர் பால் மாதிரி வெண்மையாகக் கலங்கலாம். அது கழிவைத் தின்னும் வேறு பாக்டீரியா, ரெண்டு மூணு நாளில் தானாகத் தெளியும். அதற்கும் சைக்கிளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

நாள் 8-ல் நைட்ரைட் குழாய் வான நீலத்திலிருந்து லேசான ஊதாச் சாயலுக்கு மாறியது. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. அம்மோனியா எண் இன்னும் 2-லேயே நிற்கிறதே என்று பார்க்க வேண்டாம். 0.25 நைட்ரைட் உண்டாக 0.1 பிபிஎம் அம்மோனியா போதும், அந்தக் குறைவை இந்த கிட் காட்டாது. முதல் செய்தி எப்போதும் நைட்ரைட் குழாயில்தான் வரும்.

நாள் 13-ல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.75 பிபிஎம் அம்மோனியா மறைந்திருக்கிறது. அதை 2.7-ஆல் பெருக்கினால் 4.7. குழாய் காட்டியது 5. கணக்கு பொருந்துகிறது. இப்படிப் பொருந்தினால் உங்கள் டெஸ்டும் சரி, தொட்டியும் சரி. அம்மோனியா குறைந்தும் நைட்ரைட் ஏறவே இல்லை என்றால், செடி உறிஞ்சுகிறதா, சொட்டுக் கணக்கு தப்பா என்று தேட வேண்டும்.

நாள் 16-லிருந்து பத்து நாள் போல நைட்ரைட் உச்சத்தில் நின்றது. சொட்டு விழுந்த நொடியே குழாயின் அடி கரும் ஊதாவாகிவிடும். அட்டை 5-க்கு மேல் காட்டாது, அதனால் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாது. இதற்கும் பேட்டரித் தண்ணீர்தான் வழி. ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மி.லி. தொட்டித் தண்ணீர், 4 மி.லி. பேட்டரித் தண்ணீர் எடுத்துக் கலந்து டெஸ்ட் செய்யுங்கள், வரும் எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். நாள் 16-ல் எனக்கு 2 வந்தது, ஆக உண்மையில் 10. இரண்டு தடவையாக ஊற்றிய 4 பிபிஎம் அம்மோனியாவுக்கு வர வேண்டிய 10.8-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அம்மோனியா இரண்டு நாளில் காணாமல் போகும்போது நைட்ரைட் மட்டும் ஏன் இப்படி நிற்கிறது? இரண்டாம் வகை பாக்டீரியாவின் வேலை, சாப்பிட நைட்ரைட் வந்த பிறகுதான் தொடங்குகிறது. வளர்வதும் மெதுவாக. நைட்ரோபாக்டர் என்பதுதான் அது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1998-ல் டிமோத்தி ஹோவனெக் குழு, நன்னீர் மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. 2015-ல் இன்னும் வியப்பான ஒன்று தெரிய வந்தது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுவதையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைராவும் இருக்கிறது. நம் கட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், அம்மோனியாவை அளவாகக் கொடுத்துக் காத்திருப்பது. பொறுக்க முடியாத அளவு ஏறிவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றலாம். பாக்டீரியா ஸ்பான்ஜில் இருப்பதால் தண்ணீர் மாற்றினால் சைக்கிள் கெடாது.

இப்போது நைட்ரேட் வரிசையைப் பாருங்கள். 20, 40, 80, 160, அப்புறம் தண்ணீர் மாற்றாமலே 80, 40. நைட்ரேட் தானாக எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அந்த 160 பொய். நைட்ரேட் டெஸ்ட் முதலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, பிறகு அந்த நைட்ரைட்டைத்தான் நிறமாகக் காட்டுகிறது. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் கிடந்தால் அதுவும் சேர்ந்து சிவந்துவிடும். அதனால் நைட்ரைட் 0 ஆகும் வரை நைட்ரேட் எண்ணை நம்பவே கூடாது. கடைசியில் வந்த 40-ஐச் சரிபார்ப்போம். மொத்தம் ஊற்றியது 5 பிபிஎம், அது 18 நைட்ரேட் ஆகும், குழாய்த் தண்ணீரின் 20-ஐச் சேர்த்தால் 38. சரியாக இருக்கிறது.

செடி நிறைய வைத்த தொட்டியில் இந்த நோட்டு மாதிரி எதுவும் வராது. செடி அம்மோனியாவை நேராக உறிஞ்சும். மூன்று எண்ணும் 0-விலேயே நிற்கலாம். புது இலை விட்டுக்கொண்டிருந்தால் அதுவும் நல்ல அறிகுறிதான். செடிக்காக விற்கும் சத்து மண் போட்டவர்களுக்கு நேர் எதிர். அந்த மண்ணே முதல் சில வாரம் அம்மோனியாவைக் கசியவிடும், தனியாக ஊற்ற வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எண் நின்றுபோனால் பிஹெச், கேஹெச் பாருங்கள்

இரண்டு வாரம் நன்றாக நகர்ந்த எண் திடீரென்று அசையாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது பிஹெச். பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது அமிலம் உண்டாகும். அதைத் தாங்குவது தண்ணீரின் கேஹெச். 1 பிபிஎம் அம்மோனியாவுக்கு மூன்றில் ஒரு பங்கு டிகிரி கேஹெச் செலவாகும். போர் தண்ணீரில் கேஹெச் 8, 10 என்று இருக்கும், கவலை இல்லை. கேன் தண்ணீரையோ வீட்டு ஆர்ஓ தண்ணீரையோ மட்டும் ஊற்றியவர்களுக்குத்தான் சிக்கல். அதில் கேஹெச் 1 கூட இருக்காது. பிஹெச் 6.5-க்குக் கீழே வந்தால் பாக்டீரியா மந்தமாகும், 6-க்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். "சுத்தமான தண்ணீர்தானே மீனுக்கு நல்லது" என்று கேன் வாங்கி ஊற்றியவர்களின் தொட்டிகள் மூன்றாம் வாரத்தில் நின்றுபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேஹெச் டெஸ்ட் எளிது. 5 மி.லி. தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்குங்கள். நீலம் மஞ்சளாக மாறும் வரை எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. 3-க்குக் கீழே இருந்தால், மீன் இல்லாத தொட்டியில் ஆப்ப சோடா போடலாம். 50 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் சுமார் 2 டிகிரி ஏறும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் ஆர்ஓ தண்ணீரோடு போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துங்கள்.

பிஹெச் சரியாக இருந்தும் நின்றுவிட்டதா? கரன்ட் போனபோது ஃபில்டர் எத்தனை மணி நேரம் நின்றது, ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவினீர்களா, மாடித் தொட்டியில் பிளீச்சிங் போட்டார்களா என்று யோசியுங்கள். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்

கடைக்காரர் பேச்சைக் கேட்டு மீன் வாங்கிவிட்டீர்கள், இப்போதுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மனம் தளர வேண்டாம், காப்பாற்றலாம். ஆனால் தினமும் டெஸ்ட் செய்ய வேண்டும், பிஹெச்சோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்வது அயனியாகாத பகுதி, அதாவது அம்மோனியமாக மாறாத அம்மோனியா மட்டும். 28 டிகிரி தண்ணீரில் அந்தப் பகுதி பிஹெச் 7-ல் 0.7 சதவீதம், 7.5-ல் 2.2, 8-ல் 6.5, 8.4-ல் ஏறக்குறைய 15. லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டினாலே மீன் வதைபடத் தொடங்கும். பிஹெச் 7 தொட்டியில் 0.5 பிபிஎம் காட்டினால் விஷப் பகுதி 0.0035, சமாளிக்கலாம். அதே 0.5, பிஹெச் 8 போர் தண்ணீரில் 0.03. உடனே தண்ணீர் மாற்ற வேண்டும். நண்பர் தொட்டியில் 0.5 இருந்தும் மீன் நன்றாக இருக்கிறது, உங்கள் தொட்டியில் மட்டும் ஏன் சாகிறது என்பதற்கு விடை இதுதான்.

இதிலிருந்து ஓர் ஆபத்தும் வருகிறது. பிஹெச் 6.5-க்கு இறங்கிய தொட்டியில் 2 பிபிஎம் அம்மோனியா இருந்தாலும் விஷப் பகுதி 0.0044 மட்டுமே, மீன் நீந்திக்கொண்டிருக்கும். நீங்கள் பதறிப்போய் பிஹெச் 8 தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியா சில நிமிடத்தில் விஷமாகிவிடும். இப்படிப்பட்ட தொட்டியில் ஒரு நேரத்துக்கு 10 சதவீதம் என்று, சில மணி நேர இடைவெளியில் மாற்றுங்கள்.

மற்றபடி அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5-ஐத் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கி, அதே சூட்டில். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், சிட்டிகை அளவு. நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். செவுள் சிவப்பு மாறி சாக்லேட் நிறம் தட்டும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். 50 லிட்டருக்கு 5 கிராம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பைச் சேர்த்தால் போதும்.

கடைசிப் படி: முடிந்துவிட்டதா என்று பார்ப்பது

அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று ஒரு நாள் காட்டினால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். மறுபடி 2 பிபிஎம் ஊற்றுங்கள். சரியாக 24 மணி நேரம் கழித்து இரண்டும் 0 என்றால் சைக்கிள் முடிந்தது. எனக்கு நாள் 30-ல் அம்மோனியா 0, நைட்ரைட் 0.5 வந்தது, அதாவது இரண்டாம் கூட்டம் இன்னும் போதவில்லை. நாள் 33-ல் மறுபடி பார்த்தேன், இரண்டும் 0.

அப்புறம் 70, 80 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரேட் குழாய்த் தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குக் கீழே எத்தனை முறை மாற்றினாலும் வராது, 20 இருக்கும் தண்ணீரை ஊற்றினால் 20தான். கப்பிக்கும் மோலிக்கும் அது போதும். இறால் வளர்க்க நினைப்பவர்கள் ஆர்ஓ கலந்து இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

மீனை அன்றோ மறுநாளோ விடுங்கள். தள்ளிப்போட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும், அந்த நாட்களில் தினம் கொஞ்சம் அம்மோனியா கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நாலைந்து சின்ன மீன். முதல் வாரம் தினமும் காலையில், தீனி போடுவதற்கு முன், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். எதிலாவது 0.25 தெரிந்தால் அன்றைய தீனியை நிறுத்தி, கால்வாசித் தண்ணீரை மாற்றி, அடுத்த மீன்கள் வாங்குவதை இன்னும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.